படுத்தால்தான் வருமா படுக்கைப்புண்?

போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வயது நாற்பத்திரண்டு. 2009 ஏப்ரலில், போரின் கடைசிக் கட்டத்தில், மாத்தளனில் செல் (எறிகணை) துண்டு முதுகில் பட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மூன்று நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்றார் மனைவி. ஓட்டோவுக்குக் கிட்டப் போனதுமே எனக்கு மணம் பிடிபட்டுவிட்டது. பதினேழு வருடமாகப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவளுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கட்டிலில் கவிழ்த்துப் படுக்க வைத்து, வீட்டில் வைத்துக் கட்டியிருந்த துணியைச் சேலைன் விட்டு நனைத்து நனைத்து எடுத்தேன். வலது பிட்டத்தின் அடியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு ஓட்டை. "இவ்வளவுதானே மிஸ்" என்று மனைவிக்கு ஒரு நிம்மதி. கையுறை போட்ட சுட்டுவிரலை மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தேன். விரல் முழுதும் போனது. பக்கவாட்டிலும் போனது. நுனியில் எலும்பு தட்டுப்பட்டது. அவருக்கு நோகவேயில்லை. கவிழ்ந்து கிடந்தபடியே மகனின் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மனைவி கேட்டார்: "மிஸ், இவர் படுக்கிறதே இல்லை. காலமை ஆறு மணிக்கு வீல்செயரில ஏறினா இரவு கடை பூட்டித்தான் இறங்குவார். நான் எத்தனையோ பேருக்குப் பெருமையாச் சொல்லியிருக்கிறன். பிறகு எப்பிடி மிஸ் இவருக்குப் படுக்கைப்புண் வந்தது?"

இந்த வருடம் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஐந்தாவது ஆள் அவர். ஐந்து பேரும் நல்ல மனிசர். ஐந்து பேரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவர்கள். இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயரைத் தூக்கி எறிய வேண்டும். படுக்கைப்புண் என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்கிற எவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கு வருகிற புண் என்றுதான் விளங்கும். அப்போ, எழும்பி இருந்தால் வராது என்றுதானே நினைப்பார்கள்? ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்திவிட்டால் ஆபத்து முடிந்தது, பகல் முழுக்க இருக்கட்டும், எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அவ்வளவு நல்லது. இப்படித்தான் வீட்டுக்கு வீடு நினைக்கிறார்கள். நேர்மாறு. இதற்குச் சரியான பெயர் அழுத்தப்புண். எலும்புக்கும் கீழே இருக்கும் பொருளுக்கும் நடுவில் தசை நசிபட்டு, இரத்தம் ஓடாமல் செத்துப்போவதால் வரும் புண். நசிப்பது கட்டிலாகவும் இருக்கலாம், கதிரையாகவும் இருக்கலாம், ஓட்டோ சீற்றாகவும் இருக்கலாம், கோயில் சீமெந்துத் தரையாகவும் இருக்கலாம்.

சொல்லப்போனால் கதிரையில் இருப்பதுதான் கூடுதல் ஆபத்து. படுத்திருக்கும்போது உங்கள் பாரம் முதுகு, பிட்டம், தொடை, குதிக்கால் என்று பரந்து கிடக்கிறது. இருக்கும்போது மேல் உடம்பின் பாரம் முழுவதையும் பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு சின்ன எலும்பு முனைகள் தாங்குகின்றன. இதை வாசிக்கும் நீங்கள் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு மரவாங்கிலில் இருந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்கும்படி உங்களுக்குக் கீழே வையுங்கள். இரண்டு முனைகள் கையில் குத்தும். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். கை வலித்து நீங்களே எடுத்துவிடுவீர்கள். அவருடைய தோலும் தசையும் உங்கள் கை இருந்த இடத்தில்தான் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரைக்கும் இருக்கின்றன. அவை வலிக்கிறது என்று சொன்னாலும் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேராது, ஏனென்றால் வழியில் முள்ளந்தண்டு வடம் அறுந்து கிடக்கிறது.

உணர்வுள்ள நாங்கள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வருவதற்குள் எத்தனை தரம் அசைந்து, சாய்ந்து, காலை மாற்றிப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. உணர்வில்லாதவர்களோ சொல்லித்தான் செய்ய வேண்டும், மணிக்கூடு பார்த்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு மணித்தியாலம் ஒரே இடம் நசிந்தாலே உள்ளே தசை சாகத் தொடங்கலாம். அதுவும் எலும்போடு ஒட்டிய ஆழத்தில்தான் முதலில் சாகும். தோல் கடைசியாகத்தான் உடையும். அதனால்தான் வெளியே ஐந்து ரூபாய்க் குற்றி, உள்ளே ஒரு கோப்பை கொள்ளும் பள்ளம்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944இல், ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த லுட்விக் குட்மன் என்ற டொக்டர், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். அதற்கு முன்பு இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புண்ணாலும் சலத்தில் பிடித்த கிருமியாலும்தான் செத்தார்கள். அவர் செய்தது பெரிய மந்திரமில்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஆளைத் திருப்பிப் போட வைத்தார். எண்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயத்தால் வன்னியில் இன்னும் ஆட்கள் சாகிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

எங்கள் சனத்துக்கு இது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். முள்ளந்தண்டில் அடிபட்டவரைப் பலகையில் நேராக வைத்து, கழுத்தும் முதுகும் ஆடாமல் தூக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 2009இல் சாரத்திலும் சேலையிலும் உரப்பையிலும் தூக்கினார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் போட்டார்கள். புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் கட்டில் ஏது? தறப்பாளுக்குக் கீழே மண்ணில் கிடத்தினார்கள். அங்கே நின்று வேலை செய்தவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பழைய துணியைக் கிழித்துக் கட்டியவர்கள் அவர்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக நோயாளர்களையும் காயக்காரரையும் அவர்களோடு கூட நின்றவர்களையுமாக 13 ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றியது. கிறீன் ஓசன் என்ற கப்பலில் திருகோணமலைக்கும், பிறகு புல்மோட்டைக்கும் வந்தவர்கள் அவர்கள். அந்தக் கடற்பயணமும் தளத்தில் கிடந்தபடிதான்.

நான் அப்போது பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருந்தேன். நாங்கள் இருந்த ஆஸ்பத்திரி விடுதியில் கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருவர், நடைபாதையில் வரிசையாகப் பாய். இரண்டு தாதிக்கு நூறுக்கு மேல் ஆட்கள். யாரை எப்போது திருப்பிப் போடுவது? முள்ளந்தண்டுக் காயக்காரரின் நாரியடியில் கறுத்த வட்டம் வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்தவரின் இரத்தத்தை நிறுத்த ஓடினேன். பிறகு அவர்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களுக்குப் போனார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்படும் வரைக்கும் அங்கே இருந்த குடும்பங்களும் உண்டு. வெக்கை, வியர்வை, தண்ணீருக்கு வரிசை. அந்த மூன்று நான்கு வருடத்துக்குள் எனக்குத் தெரிந்த எத்தனையோ இளம் பிள்ளைகள் போய்விட்டார்கள். செல்லுக்குத் தப்பி, கப்பலுக்குத் தப்பி, முகாமுக்குத் தப்பி வந்த பிள்ளைகள். அவர்களைக் கொண்டுபோனது புண். அவர்களைக் கணக்கெடுக்கிறபோது போரில் செத்தவர்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

அதற்குப் பிறகுதான் உதவிகள் வரத் தொடங்கின. சரி, இந்த இடத்தில் புலம்பெயர்ந்த உறவுகளும் உள்ளூர் அமைப்புகளும் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். உங்கள் மனசில் குறை காண நான் யார்? நீங்கள் இல்லாவிட்டால் பாதிப்பேருக்கு இன்றும் கதிரை இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் கதிரை என்னிடம் புண்ணாக வருகிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மேலே சொன்னவரின் கதிரைக்கு ஆறு மாதம். கொடுத்தவர்களின் பெயர் ஒட்டிய தாள் கைப்பிடியில் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளியை விடுதியிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று செய்த மடக்குக் கதிரை அது. இருபது நிமிடம் இருப்பதற்கானது. இருக்கை றெக்சின் துணி. ஆறு மாதத்தில் அது ஏணை மாதிரித் தொய்ந்துவிட்டது. இருக்கையின் அகலம் 18 அங்குலம். அவரோ 14 அங்குலத்துக்கு மேல் இல்லாத மெலிந்த மனிசன். பக்கத்தில் பிடிமானம் இல்லாததால் நாள் முழுக்க வலது பக்கம் சரிந்தே இருந்திருக்கிறார். புண் ஏன் வலது பக்கம் வந்தது என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. கால் வைக்கும் தட்டும் உயரம் கூட. முழங்கால் மேலே தூக்கினால் தொடை தாங்க வேண்டிய பாரமும் பின்னுக்கு, அந்த எலும்பு முனைக்கே போகும். இருக்கைக்கு மெத்தை கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "கதிரை மட்டும்தான் மிஸ் தந்தவை. படம் எடுத்தவை" என்றார் மனைவி, எந்தக் குறையும் இல்லாத குரலில்.

மெத்தை இல்லாத கதிரை கொடுக்காதீர்கள். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்துக் கதிரைக்குக் காசு சேர்ந்தால் ஏழு கதிரையும் ஏழு மெத்தையும் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆளைப் பார்த்து அளவெடுப்பது, அவருக்கு ஏற்ற கதிரையைத் தெரிவது, இருத்திப் பார்த்துச் சரிசெய்வது, பாவிக்கப் பழக்குவது, பிறகும் போய்ப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என்று எட்டுப் படி சொல்கிறது. எங்கள் மண்டபங்களில் நடப்பது ஒரே படி, மேடைப்படி. கொள்கலனில் வந்திறங்கும் பாவித்த கதிரைகளை வரிசையில் நிற்பவர்களுக்கு வந்த ஒழுங்கில் கொடுப்பதை நிறுத்துங்கள். கொடுப்பதற்கு முன்பு ஒரு அளவுநாடாவோடு வீட்டுக்குப் போங்கள். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதி வரை. மூன்றே அளவு. இருந்த பிறகு இரண்டு பக்கமும் இரண்டு விரல் போக இடம் இருந்தால் போதும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். மாங்குளத்தில் உயிரிழை அமைப்பு இருக்கிறது, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்துவது. கதிரையில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகள் தினம் டிசம்பர் 3. டிசம்பர் இரண்டாம் கிழமை எங்கள் மருந்து கட்டும் அறைக்கு வந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு வாகனத்தில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். பிரதம விருந்தினர் பதினொன்றுக்கு வருவார். ஒன்பது உரை. பொதி கொடுப்பது இரண்டு மணிக்கு. வீட்டுக்கு வந்து சேர நாலரை. எட்டரை மணித்தியாலம் ஒரே இருப்பு. அரிசியும் மாவும் கையில், கறுத்த வட்டம் பிட்டத்தில். மே மாத நிகழ்வுகளிலும் இதுதான் நடக்கிறது. கூட்டம் வைக்கிறவர்களே, தயவுசெய்து மண்டபத்தின் ஓரத்தில் பாய் விரித்து நான்கு மெத்தை போடுங்கள். முதல் நிகழ்ச்சியாக அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்புங்கள்.

இனி வீட்டுக்காரருக்கு.

மோட்டார்சைக்கிள் டியூப்பைக் காற்றடித்து வளையமாக இருக்கைக்குக் கீழே வைக்கும் வழக்கத்தை விடுங்கள். கடையில் விற்கும் காற்று வளையமும் அதேதான். நடுவில் ஓட்டை இருப்பதால் புண் எதிலும் முட்டாது என்று நினைக்கிறீர்கள். அந்த வளையம் சுற்றிவர அழுத்தி, நடுவுக்குப் போகும் இரத்தத்தை மறிக்கிறது. காயப்பட்ட இடத்துக்குத்தான் இரத்தம் கூடத் தேவை. அதையே மறித்துவிட்டு மருந்து போட்டு என்ன பயன்? இதை நான் சொல்லும்போதெல்லாம் "டொக்டரே சொன்னவர் மிஸ்" என்கிறார்கள். யார் சொன்னாலும் வேண்டாம்.

நல்ல காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ கிடைக்காவிட்டால் ஸ்பொஞ் போதும். ஆனால் நான்கு அங்குலத் தடிப்பு வேண்டும், கீழே இறுக்கமானது, மேலே மென்மையானது என்று இரண்டு படை. தலையணையை மடித்து வைப்பது மெத்தை ஆகாது. மேலே றெக்சின் இழுத்துத் தைக்காதீர்கள், பழைய ரீசேட் துணி மாதிரி இழுபடும் துணி போடுங்கள். ஆள் ஏறி இருந்த பிறகு மெத்தைக்கும் கதிரைக்கும் நடுவில் உங்கள் கையை விட்டு, எலும்பு முனைக்கு நேர் கீழே தடவிப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் அந்த ஸ்பொஞ் செத்துவிட்டது. ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். மாதம் ஒரு தரம் இப்படிப் பாருங்கள்.

கதிரையில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் பாரத்தை எடுக்க வேண்டும். இரண்டு கையையும் ஊன்றி ஒரு எம்பு எம்பிவிட்டு இருப்பது போதாது. நசிந்த இடத்துக்கு இரத்தம் திரும்பி வர ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுக்கும். நெஞ்சு முழங்காலில் படும்படி முன்னுக்குக் குனியுங்கள், அல்லது ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து மற்றப் பிட்டத்தைக் கிளப்புங்கள், பிறகு அடுத்த பக்கம். போனில் அலாரம் வையுங்கள். டீவி பார்க்கிற அம்மாமாருக்கு நான் சொல்வது, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தம்பியைக் குனிய வையுங்கள் என்று. விளம்பரத்துக்குக் குறைவில்லை. மத்தியானம் இரண்டு மணித்தியாலம் கதிரையை விட்டிறங்கிக் கவிழ்ந்து படுக்க வேண்டும். கடை வைத்திருப்பவருக்கும்தான் சொல்கிறேன்.

மலம் போவதற்கு நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரையைக் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் காண்கிறேன். வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதில் முக்கால் மணித்தியாலம் இருத்திவிட்டு அம்மா சமைக்கப் போய்விடுவார். விளிம்பைச் சுற்றி ஸ்பொஞ் வைத்து றெக்சினால் சுற்றிக் கட்டுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருத்தாதீர்கள். வெயிலில் நின்ற கதிரையில், மோட்டார் பூட்டிய மூன்று சில்லு வண்டியில், சூடான சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்து என்று சூட்டுக்காயத்தோடும் வருகிறார்கள். உணர்வில்லாத தோலுக்கு எல்லாவற்றையும் உங்கள் கைதான் முதலில் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரவில் ஒருதரம் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தினமும். பல் விளக்குவது மாதிரி. புத்தகங்களில் சிவப்பாக மாறும் என்று எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் வெள்ளைத்தோலைப் பார்த்து எழுதினார்கள். எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுப்பாக, நாவல்பழ நிறமாகத் தெரியும். புறங்கையால் தொட்டால் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும். விரலால் அழுத்தினால் காய் மாங்காய் மாதிரி இறுகியிருக்கும், அல்லது கனிந்து போன மாங்காய் மாதிரித் தொளதொளக்கும். தனியாக இருப்பவர்கள் போன் கமராவால் படம் எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு அடையாளம் கண்டால் அது முற்றாக மறையும்வரை அந்த இடத்தில் இருக்கவே கூடாது. இரண்டு நாளோ பத்து நாளோ. அந்தப் பத்து நாளைக் கொடுக்காதவர்கள் பிறகு பத்து மாதம் கொடுக்கிறார்கள். அந்த இடத்தைத் தேய்த்து உருவிவிடவும் வேண்டாம்.

புண் உடைந்துவிட்டதா? மஞ்சள் வேண்டாம், வேப்பிலை வேண்டாம், டெற்றோல் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். கப்சூலை உடைத்து மருந்துத்தூளைப் புண்ணில் கொட்டுவதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, வன்னி முழுக்க அதுதான் வைத்தியம். அந்தத் தூளைக் கழுவி எடுக்கவே எனக்கு அரை மணித்தியாலம் போகிறது. சேலைன் அல்லது கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே வாருங்கள். அப்புறம் இந்தக் கிரந்திக் கதை, அதாவது சில சாப்பாடு புண்ணைக் கிளப்பும் என்ற நம்பிக்கை. புண் இருப்பதால் முட்டை, மீன், பருப்பு எல்லாம் நிறுத்தி, வெறும் சோறும் ரசமும் கொடுக்கிறீர்கள். பெரிய புண்ணிலிருந்து நாள்தோறும் ஊறுவது உடம்பின் புரதம். அதைத் திருப்பிக் கொடுக்காமல் எந்தத் தோல் எதை வைத்து வளரும்? முட்டை கொடுங்கள். நெத்தலி கொடுங்கள், உளுந்து கொடுங்கள், முருங்கையிலை கொடுங்கள். மறந்தும் நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு ஒரு தனிச் சொல். திடீரென்று தலை பிளக்கிற மாதிரி இடி, முகம் வியர்த்து ஊற்றுதல், மயிர்க்கூச்செறிதல் வந்தால் அது உடம்பு அடிக்கும் மணி. கீழே எங்கோ ஒன்று பிழையாகியிருக்கிறது. நிமிர்ந்து இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், கதீற்றர் (சலம் போகும் குழாய்) மடிந்து சலம் மறிபட்டிருக்கிறதா என்று பாருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிரசர் தாறுமாறாக ஏறி மூளையில் இரத்தக்குழாய் வெடிக்கலாம். பனடோலைக் கொடுத்துப் படுக்க வைக்கும் விஷயமில்லை. என் துறையில் இருப்பவர்களே சிலர் இதை வெறும் பிரசர் என்று நினைத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் வேறு ஏதோ வருத்தத்துக்கு விடுதியில் சேர்ந்தாலும் கட்டில் தலைமாட்டில் திருப்பும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். பல்லுவலிக்கு வந்தவர் புண்ணோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

பெண் பிள்ளைகளோடு மெதுவாகப் பேச வேண்டும். விசுவமடுப் பக்கத்தில் ஒரு தங்கச்சி. காயப்படும்போது பதினாறு வயது. தாய் இருக்கும்வரை தாய் பார்த்தார். தாய் போன பிறகு அண்ணன் வீட்டில். அண்ணியிடம் பின்பக்கத்தைக் காட்ட அவளுக்குக் கூச்சம், ஆஸ்பத்திரியில் ஆண் டொக்டர் என்று பயம். பாவாடையை இரண்டு மடிப்பாகப் போட்டு எட்டு மாதம் மறைத்திருக்கிறாள். எலும்பு வரை போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் பாருங்கோ" என்றாள். தங்கச்சிமாரே, நாங்கள் எல்லா உடம்பையும் பார்த்துவிட்டோம். எங்களுக்கு அது ஒரு உடம்பு, ஒரு புண், அவ்வளவுதான். திரை இழுத்துத்தான் பார்ப்போம். பெண் தாதி வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

தாய்மாரை நினைத்தால்தான் எனக்கு அடுத்த பத்து வருடம் பயமாக இருக்கிறது. 2009இல் ஐம்பது வயதில் மகனைத் தூக்கித் திருப்பியவருக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். முழங்கால் தேய்ந்துவிட்டது, சீனி வருத்தம், கண் மங்கல். "இப்ப ஏலாது பிள்ளை, இரவில ஒருக்காத்தான் திருப்புறன்" என்று குற்றவாளி மாதிரிச் சொல்கிறார்கள். அம்மா, நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கவிழ்ந்து படுக்கப் பழக்கிவிட்டால், தலையணைகளைச் சரியாக வைத்தால், பலருக்கு இரவில் அத்தனை தரம் திருப்பத் தேவை வராது. ஒரு நாள் வாருங்கள், நானும் பிசியோ மிஸ்ஸும் பழக்கிவிடுகிறோம். உதவி செய்ய நினைப்பவர்கள் இந்த அம்மாமாருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தியை மாதச் சம்பளத்துக்கு வைத்துக் கொடுத்தால் ஐம்பது கதிரைக்குச் சமம்.

ஒட்டுசுட்டான்காரர் இன்னும் எங்கள் விடுதியில்தான் இருக்கிறார். எலும்பில் கிருமி பிடித்துவிட்டது. அன்ரிபயோட்டிக் பல கிழமை போகும். பிறகு சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகும் கிழமைக்கணக்கில் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். ஆறினாலும் அந்தத் தழும்பு பழைய தோலின் பலத்துக்கு வராது, ஆயுள் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். கடையை மனைவி காலையில் மட்டும் திறக்கிறார். மகன் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸில் வந்து, அப்பாவின் கட்டிலுக்குக் கீழே இருந்து வினாத்தாள் செய்கிறான். அவர் கவிழ்ந்தபடியே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

மருந்து கட்டும் அறைக்கு வருகிறவர்கள் துண்டையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுவருகிறீர்கள். இனிமேல் கதிரையையும், அதில் போட்டிருக்கும் மெத்தையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். புண்ணைப் பார்க்க முதல் நான் அதில் கைவைத்துப் பார்க்க வேண்டும்.